கோகிலம் இறங்காத ரயில்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது வெள்ளைக்காரப் பிள்ளைகள் செய்கிற காரியம் என்றுதான் அறுபத்திரண்டு வயதுவரை நினைத்திருந்தேன். கோவளத்துக்குப் பஸ் பிடிக்கத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு நீலப் பையை ரத்னாபாய் எனக்கும் வாங்கிவந்து, தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, இரண்டு தோளிலும் வாரை மாட்டிவிட்டபோது கண்ணாடியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"நல்லாத்தான இருக்கு. இனி ரெண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையில என்னைப் பிடிச்சுக்கோ, மத்த கையில கோகிலத்தைப் பிடிச்சுக்கோ. காணாமப் போகமாட்ட, கேட்டியா" என்றாள்.

காணாமல் போனது நான் இல்லை, கோகிலம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், சித்திரை விஷுவுக்குக் கொஞ்சம் முன்னால், ஜப்பானில் ஒசாகா என்கிற பெரிய பட்டணத்தில் நாங்கள் மூன்று பேரும் பதினெட்டு நாள் இருந்தோம். கோகிலம் கரமனையில் எனக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முப்பத்தெட்டு வருஷமாக அவள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எனக்குத் தெரியும், நான் எத்தனை தரம் இருமினேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் கணவர் காலமாகி அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. ரத்னாபாய்க்கு வீடு கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிறந்தது நாகர்கோவில் பக்கம். நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள், நடுவில் ஆறு வருஷம் குவைத்தில் வேலை பார்த்தவள். கோகிலத்தின் கணவருக்கு ஊசி போட வந்தவள், அவர் போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் எங்கள் தெரு.

கோகிலத்துக்கு ஒரே பெண், கீதா. கல்யாணமாகி ஒசாகாவில் இருந்தாள். அம்மா தனியாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. "வந்து இருந்து பாரு. பிடிச்சா இங்கயே இருந்துடு. விசா பேப்பரெல்லாம் இவர் பாத்துப்பார். பிடிக்கலைன்னா திரும்பிப் போ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று போனில் சொன்னாளாம். அன்று மத்தியானம் கோகிலம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"தனியாப் போகமாட்டேன். நீயும் வா. நீ பாத்துச் சொல்லு. இருன்னு சொன்னா இருக்கேன், வான்னு சொன்னா வந்துடறேன்."

"நானா? எனக்கு என்னடீ தெரியும்?"

"உனக்குத் தெரிஞ்சது போறும்."

நான் எதையும் முடிவு செய்து பழகியவள் இல்லை. புடவைக் கடையில் எனக்கு நிறம் எடுப்பதுகூடக் கோகிலம்தான். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு யாரும் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அந்த நிமிஷமே பதில் தெரிந்துவிட்டது. வா என்றுதான் சொல்லப் போகிறேன். ஆனால் தாயையும் பெண்ணையும் பிரித்த பாவம் எனக்கு வேண்டாம். அந்த ஊர் தானாகவே அவளுக்குப் பிடிக்காமல் போகவேண்டும் என்று சுவாமி விளக்குக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். இப்படி வேண்டிக்கொண்டு யாராவது ஊர் பார்க்கப் போவார்களா?

முதல் நாளே என் வேண்டுதலுக்கு அடி விழுந்தது. கீதாவின் வீடு ஏழாவது மாடியில். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றச் சொன்னாள். "இங்கயும் அப்படியா!" என்று கோகிலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஒரு அறையில் தரை முழுக்கக் கோரைப்பாய் மாதிரி தைத்துப் போட்டிருந்தார்கள். கோகிலம் அதில் கையைத் தடவிப் பார்த்து, "பத்தமடைப் பாய்டீ இது" என்று அங்கேயே படுத்துக் காலை நீட்டினாள்.

நான் குறை தேடினேன். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு ஒன்று வைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு போனவள், மறந்துபோய் அதே செருப்போடு பாய் அறைக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கீதா ஓடிவந்து, "மாமி, அது அங்கயே விட்டுட்டு வரணும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

"வயசான காலத்துல இந்தச் செருப்புக் கணக்கெல்லாம் நமக்கு முடியுமா?" என்று கோகிலத்திடம் மெதுவாகச் சொன்னேன்.

"அது உனக்குத்தான் முடியலை" என்றாள்.

மறுநாள் கீதா எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். மேலே கூரை போட்ட தெரு, இரண்டு பக்கமும் கடை. எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் கூரை போட்டால் அப்படி இருக்கும். ஜப்பான்காரர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது வேறு ஊராக இருக்கவேண்டும். ஒசாகாவில் ஒரு கிழவி கத்தரிக்காயை எடுத்துக் கடைக்காரன் மூக்குக்கு நேராக ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள் என்று கீதாவைக் கேட்டோம். "'இது எனக்கு முன்னாடியே பொறந்த கத்தரிக்கா, இதைப் போய் எனக்கு விக்கறியே'ன்னு கேக்கறா" என்றாள். ரத்னாபாய் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். "ஏ விசாலம், இது நம்ம ஊராக்கும். பேடிக்காண்டாம், ஒரு பயமும் வேண்டாம்."

அங்கே ஒரு கடையில், கல்லில் மாவை ஊற்றி, கோஸ் அள்ளிப்போட்டுத் தடியாக ஒரு அடை வார்த்துக் கொடுத்தான். மேலே மெல்லிய சருகு மாதிரி எதையோ தூவினான். அந்தச் சருகு தட்டில் நெளிந்தது. சூட்டில் உயிர் வந்தது போல எழுந்து ஆடியது. கோகிலமும் நானும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டோம்.

"உயிரோட இருக்குடீ!" என்றாள் கோகிலம்.

"செத்த மீனாக்கும்" என்றாள் ரத்னாபாய். "காயவெச்சுச் செதுக்கிப் போட்டிருக்கான். ஆவியில ஆடுது. இங்க தா, நான் தின்னுகேன்." மூன்று தட்டையும் அவளே முடித்தாள். நாங்கள் வெறும் சோற்று உருண்டை வாங்கிக்கொண்டோம். அதை ஒரு கறுப்புத் தாளில் சுற்றியிருந்தான்; கடல்பாசியாம். உரித்துப் போட்டுவிட்டுக் கடித்தால், நடுவில் சிவப்பாக ஒரு காய். புளிப்பும் உப்பும் மண்டைக்கு ஏறியது. கோகிலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வடுமாங்காய்!" என்றாள். "கீதா, இதைப் போய் ஏன் இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லலை?"

அன்றைக்கு அவள் நாலு உருண்டை சாப்பிட்டாள். கரமனையில் ராத்திரிக்கு ஒரு பிடி சாதம் போதும் என்று தட்டை நகர்த்துகிறவள். நான் மனதுக்குள், சாப்பாடும் போச்சு என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு பெரிய புத்தர் கோயில். குளத்தில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காய்ந்தன. கும்பிடுகிறவர்கள் வாசலில் ஊதுபத்திப் புகையைக் கையால் அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு முட்டி வலி, அதனால் புகையை முட்டியில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சரி என்கிற மாதிரித் தலையை அசைத்தார். தானும் முட்டியில் போட்டுக்கொண்டார். அந்தக் கோயிலை நினைத்தால் இப்போதும் அந்தப் பெரியவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வருகிறது.

திரும்பும்போது ரயிலில் ஏதோ அறிவிப்பு வந்தது. கேட்கவே துக்கமாக இருந்தது. யாராவது பெரியவர் காலமாகிவிட்டாரோ என்று கேட்டேன்.

"இல்லை மாமி. வண்டி ஒரு நிமிஷம் லேட்டாம். 'உங்களுக்கெல்லாம் பெரிய சிரமம் குடுத்துட்டோம், மன்னிக்கணும்'னு சொல்றார்."

"நம்ம ஊர் பஸ்ஸுல இப்படி ஆரம்பிச்சா, கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்க நேரம் இருக்காது" என்றாள் ரத்னாபாய்.

இப்படி ஒரு வாரம் போனது. நான் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு குறையைக் கோகிலத்திடம் கொண்டுபோய் வைப்பேன். குளிர் எலும்பைக் கடிக்கிறது என்பேன். கறிவேப்பிலை இல்லை என்பேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு மனுஷ முகம் தெரியவில்லை, எல்லாம் மாடி என்பேன். அவள் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்பாள். அந்த ஆமாமில் வலு இல்லை.

அடுத்து நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கீதாவின் எதிர் ஃப்ளாட்டில் எங்கள் வயதில் ஒரு ஜப்பான்கார மாமி இருந்தாள். லிஃப்டில் கோகிலத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் மாறிமாறிக் குனிந்து கும்பிட்டுக்கொள்வார்கள். யார் நிறுத்துவது என்று தெரியாமல் லிஃப்ட் கதவே மூடிக்கொள்ளும். எட்டாம் நாள் காலையில் மணி அடித்தது. கீதாவும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் உள்ளே இருந்தார்கள். கோகிலம் குளித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தேன். எதிர் ஃப்ளாட் மாமி, தலையில் துணித் தொப்பியோடு நின்றாள். கோகிலம் எங்கே என்கிற மாதிரி எட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, பக்கவாட்டில் விரித்து, கீழே இறக்கி, ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கைக் காட்டினாள். புரிந்துவிட்டது. அந்தப் பார்க்கில் காலையில் ரேடியோ பாட்டுக்குக் கிழவர்களும் கிழவிகளும் கைகாலை ஆட்டுவதை நாங்கள் தினமும் மேலேயிருந்து பார்ப்போம். "எத்தனை ஜோர்" என்று கோகிலம் சொல்லியிருந்தாள்.

நான் இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினேன். தூங்குகிறாள்.

மாமி வாயைப் பொத்திக்கொண்டு, தொந்தரவு செய்துவிட்டேனே என்கிற மாதிரி மூன்று தரம் குனிந்துவிட்டுப் போய்விட்டாள். குளியலறையில் கோகிலம் தண்ணீர் விட்டுக்கொண்டு சகஸ்ரநாமம் சொல்வது இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவள், "யாருடீ மணி அடிச்சா?" என்று கேட்டாள்.

"யாரோ மாறி அடிச்சுட்டா."

வாழ்நாளில் நான் பேசியதே கொஞ்சம், அதில் பொய் ரொம்பவும் கொஞ்சம்.

அதற்கு மறுநாள் கீதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்களே கோட்டைக்குப் போய்வருகிறோம் என்று ரத்னாபாய் சொல்லிவிட்டாள். கீதா எங்கள் மூன்று பேர் கழுத்திலும் ஒரு அட்டையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அவர்கள் பாஷையில் விலாசமும் போன் நம்பரும் எழுதியது. "ஆரஞ்சு ரயில். இங்கேருந்து நாலாவது ஸ்டேஷன். அந்த ரயில் ஊரைச் சுத்திச் சுத்தி வரும். ஆனா எல்லா வண்டியும் முழுசா சுத்தாது, சிலது பாதியிலயே நின்னுடும். யாராவது இறங்கத் தவறிட்டா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி நிக்கணும். புரிஞ்சுதா?" மூன்று பேரும் தலையாட்டினோம்.

கோட்டை பெரிய கோட்டை. சுற்றிலும் அகழி, அதன் கரையெல்லாம் இலையே இல்லாமல் வெறும் பூவாக நின்ற மரங்கள். ஜனங்கள் மரத்தடியில் நீலத் தாள் விரித்து, சாப்பாட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வேலையும் இல்லை, பூவைப் பார்ப்பதற்காக வந்தவர்கள். காற்று அடித்ததும் பூ உதிர்ந்து நாங்கள் கொண்டுபோன மோர்சாதத்தில் விழுந்தது. கோகிலம் அதை எடுத்துப் போடாமல் சேர்த்துச் சாப்பிட்டாள். "அவர் இருந்தா கேமராவைத் தூக்கிண்டு ஓடியிருப்பார்" என்றாள். நாலு வருஷத்தில் கணவரைப் பற்றிக் கண் கலங்காமல் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

திரும்பும்போது வண்டியில் கூட்டம். ஒரு பெண் எழுந்து கோகிலத்துக்கு இடம் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்றோம். நடுவில் ஸ்கூல் பிள்ளைகள் சுவர் மாதிரி. நாலாவது ஸ்டேஷன் வந்ததும் ரத்னாபாய் என் கையைப் பிடித்து இழுத்து இறங்கினாள். "கோகிலம், எறங்கு!" என்று கத்தினாள். நானும் கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள் கோகிலம் பாதி எழுந்து நின்றதைப் பார்த்தேன். வண்டி போய்விட்டது.

"நீ இங்க நில்லு, அசையப்படாது" என்றாள் ரத்னாபாய். "நான் அடுத்த வண்டியில போயி அடுத்த ஸ்டேஷன்ல பாக்குகேன். அங்கதான நிப்பா?"

எனக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை. ஏனென்றால் எங்களுக்குள் வேறு ஒரு ஏற்பாடு இருந்தது. ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்காலைக்கு வருஷா வருஷம் கோகிலமும் நானும் சேர்ந்துதான் போவோம். கண்ணுக்கெட்டிய தூரம் அடுப்பும் புகையும் பெண்களும். ஒருதரம் தொலைந்துபோய் இரண்டு பேரும் மத்தியானம்வரை ஒருத்தியை ஒருத்தி தேடி அலைந்தோம். அன்றைக்கு முடிவு செய்தது: தொலைந்தால் யாரும் தேடக்கூடாது, இருக்கிற இடத்தைவிட்டு அசையக்கூடாது. கீதா சொன்னதற்குத் தலையாட்டினோமே தவிர, கோகிலத்துக்குப் பயம் வந்தால் இருபது வருஷப் பழக்கம்தான் வரும். அவள் இருந்த இடம் ரயிலுக்குள் ஒரு சீட்டு. அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

அதைச் சொல்வதற்குள் ரத்னாபாய் அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள். பிளாட்பாரத்தில் தனியாக நின்றேன். கரமனையில் தனியாகப் பஸ் ஏறியதுகூட இல்லை.

நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. எல்லாம் ஆரஞ்சு. அந்த ஊரில் வண்டி கோடு கிழித்த இடத்தில் சரியாக வந்து நிற்கும், ஒரு சாண் முன்பின் ஆகாது. அதனால் இறங்கிய கோட்டிலிருந்து நான் நகரவில்லை. வருகிற வண்டி ஒவ்வொன்றிலும் அதே பெட்டியை எட்டிப் பார்த்தேன். ரயில்வே தொப்பி போட்ட ஒருவர் வந்து, குனிந்து ஏதோ கேட்டார். அட்டையைக் காட்டினேன். ஆபீசுக்கு வாருங்கள் என்று கையைக் காட்டினார். நான் முடியாது என்று தலையாட்டி, வண்டியைக் காட்டி, விரலால் காற்றில் ஒரு பெரிய வட்டம் போட்டேன். உள்ளே ஒரு ஆள் என்று ஒரு விரலைக் காட்டினேன். அவர் யோசித்தார். தானும் ஒரு வட்டம் போட்டுக் காட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாலு தரம் பத்து விரலையும் விரித்தார். நாற்பது நிமிஷம். அத்தோடு போகவில்லை, எனக்கு நாலடி தள்ளி அவரும் நின்றுகொண்டார்.

அந்த நாற்பது நிமிஷம் போல ஒன்று எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாதியில் நிற்கிற வண்டியாக இருந்தால்? அவளுக்கு ஜப்பான் பாஷை கிடக்கட்டும், இங்கிலீஷே தெரியாதே. அவள் திரும்பி வந்தால் போதும், இந்த ஊரைவிட்டே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இனி அவளே பயந்துபோய் வருகிறேன் என்று சொல்லிவிடுவாள், நான் ஒன்றும் சொல்லவேண்டாம். இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பத்தாவது வண்டியோ பதினோராவது வண்டியோ. அதே பெட்டி, அதே கதவு என் முன்னால் வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்னாலேயே கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டேன்.

கோகிலம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தில் தலைமுடிக்குச் சாயம் போட்ட ஒரு கிழவி. அவள் மடியில் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம். முறுக்கைக் கடிக்க முடியாமல், தன் பல்லைத் தட்டி இது கட்டின பல் என்று காட்டிக்கொண்டிருந்தாள். கோகிலமும் தன் பல்லைத் தட்டி, எனக்கும் அதே கதைதான் என்று காட்டினாள். இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நாலு வருஷமாகக் கேட்டதில்லை. நானும் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். அழ வைக்கத்தான் என்னால் முடிந்தது; அவள் கணவரைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அவளை இறக்கத்தான் நின்றிருந்தேன். இறக்கவில்லை. நான் ஏறினேன். கதவு மூடும்போது தொப்பிக்காரர் எனக்குக் குனிந்து கும்பிட்டார்.

"வந்துட்டியா!" என்றாள் கோகிலம். "எனக்குத் தெரியும், நீ அசையமாட்டேன்னு. நானும் அசையலை. மொதல்ல அழுதேன், கேட்டயா. அப்பறம் இவ ஏறினா. என்னைப் பாத்துட்டுப் பையிலேருந்து மிட்டாய் எடுத்துக் குடுத்தா. நான் முறுக்கு குடுத்தேன். ஒரு வார்த்தை புரியலைடீ, ஆனா நாத்தனார் கதையெல்லாம் சொல்லிட்டா."

கிழவி எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனுக்கு இரண்டு நிமிஷம். அங்கே ரத்னாபாய் நிற்பாள். அவள் ஏறிவிட்டால் என் வாய் திறக்காது.

"கோகிலம், நேத்திக்கு மணி அடிச்சது எதிராத்து மாமி. உன்னைப் பார்க்குக்குக் கூப்பிட வந்தா. நீ தூங்கறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. "ஏண்டீ?"

"நீ இங்க இருந்துடுவியோன்னு."

அவள் கிழவியின் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மடித்தாள்.

"நாளைக்கு நீயே போய் மணி அடி. அவளோட போ. நீ இங்கயே இரு, கோகிலம். பாத்துச் சொல்லச் சொன்னியே, பாத்துட்டேன். இரு."

"சரி" என்றாள். உடனே சொன்னாள்.

வண்டி நின்றது. ரத்னாபாய் முகமெல்லாம் வேர்த்து உள்ளே ஏறினாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "எங்கயாக்கும் போனீங்க ரெண்டும்? வண்டி வண்டியா எட்டிப் பாத்து என் கழுத்தே சுளுக்கிப் போச்சு. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கணும்னு அந்தப் பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு, இல்லியா? இவ உக்காந்தே ஊரைச் சுத்துகா, அவ நின்னே சுத்துகா. பொங்காலைக்கு வந்த எடமா இது?" அந்தப் பெட்டியில் இருந்த எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கத்தரிப்பூக் கிழவி எழுந்து ரத்னாபாய் கையிலும் ஒரு மிட்டாயை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் வாய் மூடியது.

மீதி ஒன்பது நாளும் நன்றாகத்தான் போனது. பல மாடிக் கடை, மீன் காட்சிசாலை, கப்பல். ரயிலில் தொலைந்த மறுநாள் காலை ஏழாவது மாடி ஜன்னலில் நின்று நானும் ரத்னாபாயும் கீழே பார்த்தோம். பார்க்கில் அத்தனை பேரும் வலப்பக்கம் சாய்ந்தால் பட்டுப்புடவை ஒன்று மட்டும் இடப்பக்கம் சாய்ந்தது. எதிர் ஃப்ளாட் மாமி அவள் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

விமான நிலையத்தில் கோகிலம் அழவில்லை. நானும் அழவில்லை. ரத்னாபாய்தான் எங்கள் இரண்டு பேருக்குமாக அழுதாள். "என்னத்துக்கு இதைக் கொண்டுவந்தோம், விட்டுட்டுப் போகவா?" என்று கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். திரும்புகிற வழியெல்லாம் என் பக்கத்துச் சீட்டில் யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து தூங்கினார்.

கோகிலத்தின் வீட்டில் இப்போது பாங்க்கில் வேலை பார்க்கிற ஒரு தம்பதி இருக்கிறார்கள். நல்ல மாதிரி. பிள்ளைகளோடு மலையாளம்தான் பேசுகிறார்கள். குக்கர் விசில் கேட்கிறது. ஆனால் அவள் இரண்டோடு நிறுத்துவாள், இவர்கள் ஐந்துவரை விடுகிறார்கள்.

மாதம் ஒருதரம் கோகிலம் போன் செய்வாள். பார்க்கைப் பற்றிச் சொல்வாள், வடுமாங்காய் தானே போட ஆரம்பித்திருப்பதைச் சொல்வாள். நான் தெருவில் யார் பெண்ணுக்கு வரன் வந்தது, யார் காலமானார் என்று சொல்வேன். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், பேச்சு வாக்கில்தான், மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ரயில்ல நான் இருன்னு சொன்ன உடனே சரின்னுட்டியே. செத்த யோசிச்சிருக்கப்படாதோ?"

"யோசிச்சிருந்தா உன்னோட வந்திருப்பேன்டீ" என்றாள்.

நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் அங்கே தெரியாது.

"விசாலம்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன்.